பழைய மோட்டார் சைக்கிளும் பழங்கற்படியும்

வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று வகுப்பில் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று மாணவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விடையைக் கேட்டு மகிழ்ந்தவன் நான். ஆயினும் அந்த வரிசை இருபதாம் நூற்றாண்டின் வாயிலுக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. நம் பாட்டனார் காலத்து வரலாறு எதில் எழுதப்பட்டிருக்கிறது? தாளில் எழுதப்பட்டது பாதி. மறுபாதி இரும்பிலும் அலுமினியத்திலும் எழுதப்பட்டது. தையல் இயந்திரம், நீர் இறைக்கும் எஞ்சின், அச்சுப்பொறி, மோட்டார் சைக்கிள் ஆகிய இவையெல்லாம் அக்காலத்தின் ஏடுகளே. இவற்றுள் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பழைய வண்டியொன்று கைக்கு வந்ததும் அதற்கு உரியவன் முன் இரு வழிகள் தோன்றுகின்றன. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் அது எவ்வாறிருந்ததோ, அவ்வாறே அதனை ஆக்க முயல்வது ஒரு வழி. இதனை மீட்டமைத்தல் என்று இவ்வுரையில் குறிப்பேன். தன் விருப்பத்துக்கும் தேவைக்கும் ஏற்ப அதன் உருவத்தை மாற்றிக்கொள்வது மற்றொரு வழி. கடைத்தெருவில் ‘ஆல்டர் பண்ணுவது’ என்கிறார்களே, அதுதான். இதனை மாற்றியமைத்தல் என்போம். முதல் வழியினர் தங்களை வரலாற்றின் காவலர் என்று எண்ணுகின்றனர். இரண்டாம் வழியினரை வரலாற்றின் பகைவர் என்று கடிகின்றனர். வழக்கு அவ்வளவு எளிதன்று.

நமக்கு அண்மையிலுள்ள ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு புல்லட் என்னும் பெயரை அறியாதார் இல்லை. இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில், ஊசி உற்பத்திக்குப் புகழ்பெற்ற ஊர் அது, 1901இல் அந்நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. நாம் இன்று அறிந்த 350 சி.சி. புல்லட், பின்சக்கரத்தில் அதிர்வு தாங்கும் அமைப்புடன் 1949ஆம் ஆண்டுக்கென வெளிவந்தது. அக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. குழியில் விழுந்தால் ஓட்டுபவரின் முதுகெலும்பே அதிர்வைத் தாங்க வேண்டியிருந்தது. ஆதலின் இது சிறிய மாற்றமன்று.

இந்திய இராணுவம் இவ்வண்டியை விரும்பி வாங்கியது. 1955இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் 1956இல் ஆலை திறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து உறுப்புகளாகப் பெட்டிகளில் வந்தவற்றை அங்கே பூட்டினர். அவ்வாண்டு முடிவதற்குள் பூட்டிய வண்டிகள் 163. சில ஆண்டுகளில் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1962 அளவில் உறுப்புகள் அனைத்தும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. ரெடிச் ஆலையோ 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அப்பெயரே மறைந்தது. தாய் மறைந்த பின்னும் சேய் வாழ்ந்தது. வாழ்ந்ததோடு நில்லாமல், 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின!

இங்கே வரலாற்று மாணவர் கருத வேண்டிய ஒரு புதுமை உண்டு. ரெடிச்சில் 1955க்குப் பின் புல்லட்டின் சட்டத்தையும் பிறவற்றையும் மாற்றிக்கொண்டே சென்றனர். திருவொற்றியூரிலோ 1955ஆம் ஆண்டின் அமைப்பே, சிற்சில திருத்தங்களோடு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை நீடித்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், அலுமினியத் தலை, 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சு, வலக்காலில் கியர் ஆகிய எல்லாம் அப்படியே இருந்தன. அரை நூற்றாண்டு மாறாமல் நின்ற வடிவமாதலால் 1964ஆம் ஆண்டு வண்டிக்கு 1984ஆம் ஆண்டின் உறுப்பு பெரும்பாலும் பொருந்திவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரி உறுப்புகள் குவிந்து கிடக்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வண்டியின் மட்கார்டு இன்னொரு வண்டிக்குப் போய், அதன் விளக்கு மூன்றாம் வண்டிக்கு வந்து, ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்ட பிறகு, ‘இதை முதல் நாள் உருவத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று ஒருவர் கூறினால், எதன் முதல் நாள் உருவம் என்று நாம் கேட்கலாம்.

ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தைப் பேணினர் என்றும், மக்கிய பலகையை எடுத்துப் புதுப்பலகை இட்டுக்கொண்டே வந்தனர் என்றும், இறுதியில் அது பழைய கலமா புதிய கலமா என்று அறிஞர்கள் வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை.

இனி, மாற்றியமைத்தவர்களின் கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. கையில் காசும் புரண்டது. கார் வாங்கும் அளவுக்கு அன்று. மோட்டார் சைக்கிள் வாங்கும் அளவுக்குப் புரண்டது. லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் ஏஸ் கஃபே என்றொரு சிற்றுண்டிச்சாலை. 1938இல் தோன்றி, போரில் குண்டு வீச்சால் அழிந்து, 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. லாரி ஓட்டுநர்களுக்காக இரவு முழுவதும் திறந்திருந்த அவ்விடத்தில் இளைஞர்கள் கூடினர். மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொடுவதே அவர்களின் கனவு. கைப்பிடியைத் தாழ்த்தினர்; இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினர்; எடை குறையவேண்டி, வேண்டாதவை என்று தோன்றியவற்றையெல்லாம் கழற்றி எறிந்தனர். இவ்வண்டிகளுக்கு கஃபே ரேசர் என்று பெயர் வந்தது.

அவற்றுள் ‘டிரைட்டன்’ என்பது தலைசிறந்தது. அது பிறந்த காரணம் சுவையானது. 1950களில் 500 சி.சி. எஞ்சின் பூட்டிய சிறு பந்தயக் கார்கள் பரவியிருந்தன. அவற்றுக்கு நார்ட்டன் நிறுவனத்தின் பந்தய எஞ்சினே உகந்தது. ஆனால் அந்நிறுவனம் எஞ்சினைத் தனியே விற்க மறுத்தது. ஆதலின் கார்ப் பந்தயக்காரர்கள் முழு மோட்டார் சைக்கிளையே வாங்கி, எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு சட்டத்தை ஒதுக்கிவிட்டனர். அந்தச் சட்டமோ, பெல்ஃபாஸ்ட் நகரத்து மெக்கேன்ட்லெஸ் சகோதரர் வகுத்தது. ‘இறகு மெத்தை’ என்று பாராட்டப்பட்டது. 1950இல் மேன் தீவுப் பந்தயத்தில் வென்றது. எட்வர்டு டர்னர் 1937இல் அறிமுகப்படுத்திய இரட்டைச் சிலிண்டர் டிரையம்ஃப் எஞ்சினின் வழிவந்த எஞ்சின்களை அந்த அநாதைச் சட்டத்தில் பூட்டினார்கள் இளைஞர்கள். டிரையம்ஃப், நார்ட்டன் என்ற இரு பெயர்களும் கலந்து டிரைட்டன் ஆயிற்று. எந்த ஆலையும் செய்யாத வண்டி அது. ராயல் என்ஃபீல்டு நிறுவனமே இந்த வேட்கையைக் கண்டு, 1965ஆம் ஆண்டுக்கென கான்டினென்டல் ஜிடி என்ற 250 சி.சி. வண்டியைத் தாழ்ந்த கைப்பிடியோடு ஆலையிலேயே செய்து விற்றது. தெருவில் தோன்றிய வடிவம் ஆலைக்குள் புகுந்தது என்க.

இப்பொழுது கேட்கிறேன்: 1962இல் ஓர் இளைஞன் செய்த டிரைட்டன் வண்டி இன்று நமக்குக் கிடைத்தால், அதனைப் பிரித்து, நார்ட்டனை நார்ட்டனாகவும் டிரையம்ஃபை டிரையம்ஃபாகவும் மீட்டமைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகுமா? என் கருத்தில் அது ஓர் ஏட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். அவ்வண்டி நார்ட்டனின் வரலாற்றைக் காட்டிலும் அந்த இளைஞனின் வரலாற்றை நன்கு சொல்கிறது. மாற்றமும் காலத்தால் முதிர்ந்தால் சான்றாகிவிடுகிறது.

மீட்டமைப்போரும் தனி வரலாறு உடையவர்களே. போர்க்காலத்தில் பழைய இரும்பெல்லாம் உலைக்குச் சென்றது. எஞ்சியவற்றையாவது காப்போம் என்று இங்கிலாந்தில் சிலர் 1946இல் கூடிப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கம் ஒன்றை நிறுவினர். 1931க்கு முற்பட்ட வண்டிகளுக்கே முதலில் அங்கு இடம். அவர்கள் தேடிக் காத்திராவிட்டால் மோட்டார் சைக்கிளின் முதல் முப்பது ஆண்டுகள் படங்களில் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும். நன்றிக்குரிய பணி. ஆயினும் காலப்போக்கில் அவர்கள் வழிவந்தோரிடம் ஒரு பழக்கம் புகுந்தது. வண்டியை முதல் நாள் இருந்ததைவிட அழகாக ஆக்கிப் போட்டியில் பரிசு பெறும் பழக்கம் அது. குரோமிய முலாம் வண்டிகளுக்குப் பரவலாக வந்தது 1920களின் இறுதியில்தான். அதற்கு முன் நிக்கல் முலாம். நிக்கலில் மெல்லிய மஞ்சட்சாயல் உண்டு, நாளடைவில் மங்கும். 1924ஆம் ஆண்டு வண்டிக்குக் கண் கூசும் குரோமியம் பூசி, ‘அசல்’ என்று நிறுத்தினால், பல்லவர் காலத்துச் சிற்பத்துக்கு எனாமல் வண்ணம் தீட்டியதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அண்மைக் காலத்தில் உலகின் சுவை மாறிவருகிறது. 2016இல் இங்கிலாந்தில் ஓர் ஏலம் நடந்தது. கார்ன்வால் பகுதியில் பல பத்தாண்டுகள் கொட்டகையில் கிடந்து துருவேறிய பிரஃப் சுபீரியர் வண்டிகள் எட்டும் அதில் விற்கப்பட்டன. அவற்றுள் 1938ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் வண்டியொன்று, உறுப்புகள் கலைந்து துருப்பிடித்த நிலையிலேயே, 3,31,900 பவுனுக்குப் போயிற்று. துருவையும் சேர்த்து மக்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்! கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964இல் வெனிஸ் நகரில் அறிஞர்கள் ஒரு சாசனம் வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. பழைய வாகனங்களுக்கான அனைத்துலக அமைப்பு அதனை அடியொற்றித் தூரின் சாசனம் என்ற ஒன்றை 2012இல் ஏற்றது.

இப்பூசலின் நடுக்களம் எதுவென்றால், எஞ்சினின் மேற்புறம் என்பேன். டேங்கிலும் மட்கார்டிலும் பூசிய வண்ணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எஞ்சினை மட்டும், ‘நன்றாகச் சுத்தம் செய்து பளபளவென்று கொடுங்கள்’ என்று பட்டறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கெடுதல் அங்கேதான் நடக்கிறது.

பழைய புல்லட் எஞ்சினை உற்று நோக்குங்கள். அதன் மேற்புறம் ஒரே தன்மையுடையதன்று. கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸ் அலுமினியக் கலவையில் வார்த்தது. அதன் புறத்தே வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். வார்ப்படச் சாலையின் எண்களும் குறிகளும் அதன்மேல் புடைத்து நிற்கும். வலப்புறத்து டைமிங் மூடியும் இடப்புறத்துச் சங்கிலி உறையும் மெருகேற்றப்பட்டவை. சிலிண்டரோ வார்ப்பிரும்பு, பூச்சு இல்லையேல் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். சொரசொரப்பு, மெருகு, பூச்சு ஆகிய மூன்றும் அருகருகே இருப்பதே ஆலையின் கையெழுத்து. எல்லாவற்றையும் கண்ணாடிபோல் மெருகேற்றுவது மீட்டமைத்தல் ஆகாது. எல்லாவற்றையும் கறுப்பாக்குவது இக்காலப் புதுமை.

மெருகேற்றுதல் என்றால் என்ன? பட்டறைகளில் பஃபிங் என்பார்கள். சுழலும் துணிச்சக்கரத்தில் தேய்ப்புப் பொருளைத் தடவி உலோகத்தை அதில் அழுத்துகிறார்கள். மேடு கரைகிறது, பள்ளத்தின் மட்டத்துக்கு எல்லாம் வருகிறது, ஒளி வீசுகிறது. அதாவது, பளபளப்பு என்பது கூட்டுவதால் வருவதன்று. உலோகத்தைக் குறைப்பதால் வருவது. கரைந்த உலோகத்தோடு வார்ப்படக் குறிகளும் போகின்றன. சில வேளைகளில் எஞ்சின் எண்ணே தேய்ந்துவிடுகிறது. எண் தேய்ந்த எஞ்சின், ஆண்டு சிதைந்த கல்வெட்டைப் போன்றது. அரசனும் தெரியான், காலமும் தெரியாது. போக்குவரத்து அலுவலகத்தில் உண்டாகும் தொல்லை வேறு.

மணல் வீச்சு இன்னொரு முறை. அழுத்திய காற்றோடு மணலை வீசி அழுக்கை அகற்றுவது. இரும்புச் சட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மென்மையான அலுமினியத்திலோ மணற்பொடி புதைந்துகொள்கிறது. எண்ணெய் செல்லும் துளைகளுக்குள் ஒளிந்துகொண்ட பொடி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அரித்துத் தின்றுவிடும். மணற்பொடியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலும் கெடும். நம் கோயில்களில் சிலவற்றிலும் திருப்பணி என்ற பெயரால் இம்முறையைக் கையாண்டு, கல்வெட்டெழுத்துகள் மங்கியதை நாம் அறிவோம். கல்லுக்கே அந்த நிலை என்றால் அலுமினியத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. நீரில் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து வீசும் முறை இப்போது வந்திருக்கிறது. நீர் மெத்தைபோல் தாங்குவதால் உலோகம் அதிகம் தேயாது. வார்ப்பின் இயல்பான தோற்றத்துக்கு நெருங்கிய மென்மையான மேற்புறம் கிடைக்கும். அமெரிக்காவின் சுதந்திரச் சிலையை 1980களில் செப்பனிட்டபோது, உட்புறச் செம்பின்மேல் படிந்திருந்த தாரை அகற்றச் சமையல் சோடாவையே வீசினார்கள். எவ்வளவு பெரிய வேலை, எவ்வளவு எளிய பொருள்!

வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. அலுமினியத்தை அழுக்குப் போக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் பட்டறைகள் உண்டு. என்ன நிகழும் என்பதை உங்கள் பாடப்புத்தகத்திலேயே காணலாம். ஹைட்ரஜன் குமிழ்விட, அலுமினியம் கரைந்துபோகும். கழுவியெடுத்த உறுப்பு கறுத்து, குழிகுழியாக வெளிவரும். மண்ணெண்ணெய், தூரிகை, சோப்பு நீர், பொறுமை இவை நான்கும் போதும் என்று ஒரு முதிய மெக்கானிக் என்னிடம் சொன்னார். நான்காவது பொருள்தான் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

கறுப்புப் பூச்சு எஞ்சினைக் குளிர்விக்குமா, சூடாக்குமா என்று மாணவர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். மெருகேற்றிய அலுமினியம் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிடுவதில் மிகவும் கஞ்சத்தனமுடையது. கறுப்புப் பூச்சு தாராளமானது. ஆனால் காற்றால் குளிரும் எஞ்சினில் பெரும்பங்கு வெப்பம், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையே ஓடும் காற்றோடுதான் போகிறது. ஆகவே மெல்லிய பூச்சினால் கெடுதல் இல்லை. சிறு நன்மையும் உண்டு. தடித்த பூச்சு போர்வையாகிவிடும். தகடுகளின் இடைவெளியை அடைக்கும் எண்ணெய்ச் சேறோ அதனினும் பெரும் போர்வை. அலுமினியத்தின் கலவைகள் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதாலேயே எஞ்சினின் தலையை அலுமினியத்தில் செய்தார்கள். அழகுக்காகத்தான் செய்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

என்னிடம் படித்த அண்ணன் தம்பி இருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கோடு வந்தார்கள். அவர்களின் பாட்டனார் கால்நடை மருத்துவர். 1964ஆம் ஆண்டுப் புல்லட் வண்டியில் சிற்றூர்தோறும் சென்று வைத்தியம் பார்த்தவர். அவர் காலமானபின் வண்டி திண்ணையோரத்தில் நின்றது. மூத்தவன் அதனை முதல் நாள் உருவத்துக்குக் கொண்டுவர விரும்பினான். இளையவன் கைப்பிடியைத் தாழ்த்தி, ஒற்றை இருக்கை வைத்து, எஞ்சினைக் கறுப்பாக்க விரும்பினான். “ஐயா, வரலாறு கற்பித்தவர் நீங்கள். இவன் தாத்தாவின் வண்டியைப் பாழாக்கப் பார்க்கிறான், நீங்களே சொல்லுங்கள்” என்றான் மூத்தவன். “தாத்தா ஓட்டிய வண்டியை அண்ணன் காட்சிப் பொருளாக்கிவிடுவான், யாரும் ஏற முடியாது” என்றான் இளையவன்.

நான் தீர்ப்புச் சொல்வதற்கு முன் வண்டியைப் பார்க்கப் போனேன். வலப்புற டைமிங் மூடியில் தழும்புபோல் ஒரு பற்றவைப்பு மேடு ஓடியது. அது என்ன என்று கேட்டேன். பேரன்மார் இருவருக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து பாட்டியார் வந்தார். ஒரு மழைக்கால இரவில், கன்று ஈன முடியாமல் துடித்த பசுவொன்றுக்காகப் புறப்பட்டவர், தரைப்பாலத்தில் வெள்ளம் இழுக்க வண்டியோடு வலப்புறம் சாய்ந்து விழுந்தாராம். மூடி கல்லில் மோதிப் பிளந்ததாம். வண்டியை அங்கேயே விட்டு நடந்து போய்ப் பசுவைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பியவர், மறுநாள் சந்தைப்பேட்டைப் பட்டறையில் அதைப் பற்றவைத்துக்கொண்டாராம். “புது மூடி வாங்கிப் போடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். ஓடுகிறதே, எதற்கு என்று கேட்பார்” என்றார்.

மூத்தவன் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினான். அதன் முதல் வரியே, எஞ்சின் முழுவதையும் பஃபிங் செய்வது. இரண்டாம் வரி, பழுதுபட்ட மூடிக்குப் பதில் புது மூடி. இளையவனின் பட்டியலில் எஞ்சினுக்குக் கறுப்புப் பூச்சு இருந்தது; ஆனால் கைப்பிடியும் இருக்கையும் திருகாணியைக் கழற்றிப் பூட்டக்கூடியவை. நாளை மனம் மாறினால் பழையதைத் திரும்பப் பூட்டிவிடலாம். பஃபிங் சக்கரத்தில் கரைந்த தழும்பை எந்தத் திருகாணியாலும் திரும்பப் பூட்ட முடியாது. காவலனாக வந்தவனே பெருந்தீங்கு செய்ய இருந்தான். பகைவன் என்று பழிக்கப்பட்டவன் செய்ய இருந்ததில் பாதி திருத்தக்கூடியது. மீட்டமைப்பதா மாற்றியமைப்பதா என்று கேட்பதை விடுங்கள். திரும்ப வரக்கூடியது எது, வர முடியாதது எது என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. ஆலை வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம்; உச்சநீதிமன்றமும் 2019இல் அதனை வலியுறுத்தியது. சட்டத்தை அறுத்து ஒட்டுவதும் வேறு வகை எஞ்சினைப் பூட்டுவதும் நம் நாட்டில் எளிதில் செய்யக்கூடியன அல்ல. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கென்றே 2021இல் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரும் மாற்றமின்றி முதல் அமைப்பிலேயே பேணப்பட்டவற்றுக்குத் தனிப் பதிவெண் வழங்கப்படும். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் ஓட்ட முடியாது. காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்குமே சாலையில் வரலாம். நோக்கம் நல்லதுதான். எனினும், கால்நடை மருத்துவரின் வண்டி கடைத்தெருவுக்குப் போய்வர இயலாமல் கௌரவம் பெறுவதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை.

பழையதைப் புதுப்பிப்பவர் தாம் செய்ததை எவ்வாறு பதிய வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் அன்னையுமான செம்பியன் மாதேவியார், பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார். கும்பகோணத்தை அடுத்த திருக்கோடிக்காவலில் அவ்வாறு செய்தபோது, முன்பிருந்த கல்வெட்டுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. பல்லவர், பாண்டியர் காலத்துக் கொடைகள் அவற்றில் இருந்தன. புதிய கோயிலுக்கு அவை தேவையில்லை என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அது மட்டுமா? புதிதாக வெட்டியதைப் பழையது என்று காட்டி ஏமாற்றவுமில்லை. பழங்கற்படி, அதாவது பழைய கல்லில் இருந்ததன் படி, என்று அங்கேயே குறிக்கச் செய்தார். ஆயிரம் ஆண்டு கழித்து அதைப் படிக்கும் ஆராய்ச்சியாளருக்கு எது மூலம், எது படி என்பதில் ஐயம் எழுவதில்லை. வெனிஸ் நகரத்து அறிஞர்கள் 1964இல் வகுத்ததற்கு முன்னோடியான ஒழுக்கம் காவிரிக்கரையில் கல்லிலேயே நின்றிருக்கிறது.

இதனை அந்தச் சகோதரர்களிடமும் சொன்னேன். மூத்தவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினான். வண்டியைப் பிரிக்குமுன் ஒவ்வோர் உறுப்பையும் புகைப்படம் எடுத்து, எஞ்சின் எண்ணையும் சட்டத்தின் எண்ணையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து ஒட்டினான். கல்வெட்டுப் படி எடுப்பதன் சிறு வடிவம்! கிராங்க் கேஸை மண்ணெண்ணெயிலும் சோப்பு நீரிலும் கழுவினார்கள், மெருகேற்றவில்லை. சிலிண்டரின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, சூடு தாங்கும் கறுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பூசினார்கள். இளையவனுக்கு அவ்வளவு கறுப்பே போதும் என்றாகிவிட்டது. தாழ்ந்த கைப்பிடி பூட்டப்பட்டது. பழைய கைப்பிடியும் இருக்கையும் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டுப் பாட்டியாரின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. டேங்கின் பொன்னிறக் கோடுகள் ஆலையில் ஒரு கைவினைஞர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தவை. ஓரிடத்தில் கோடு சற்றே நடுங்கியிருக்கும். அதனையும் அவர்கள் தொடவில்லை.

நோட்டுப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிப் படித்தேன். மூத்தவன் கையெழுத்தில் இவ்வாறு இருந்தது: ‘டைமிங் மூடி. தாத்தா காலத்தது. வெள்ளத்தில் விழுந்து பிளந்து சந்தைப்பேட்டையில் பற்றவைத்தது. ஆண்டு பாட்டிக்கு நினைவில்லை. அத்தை பிறப்பதற்கு முன் என்கிறார். உள்ளே புதிய ரப்பர் வளையம் மாற்றினோம். வெளிப்புறத்தை ஒன்றும் செய்யவில்லை.’ அதன்கீழ் வேறு மையில் இளையவன் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘எண்ணெய் இன்னும் சிறிது கசிகிறது.’